இளைப்பாறு மண்டபம்

தொன்மைத் துறையில் ஒரு வழக்கம் உண்டு. மண்ணுக்குள்ளிருந்து எதை எடுத்தாலும் முதலில் அதற்கு ஒரு பெயர் வைத்துவிடுவார்கள். அது என்ன பொருள் என்று பார்ப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இந்தப் பெயர் வைக்கிற காரியத்துக்கு ஒத்தாசையாகத்தான், அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்த ஒருவரைத் தற்காலிகமாக வேலைக்கு எடுத்தார்கள். அச்சகத்தை இழுத்து மூடிவிட்டிருந்த நேரம். மனிதர் வீட்டில் உட்கார்ந்து மளிகைப் பொட்டலம் கட்டிவந்த தாளில் பிழை திருத்திக்கொண்டிருந்தார். துறையில் அவருக்கு மொழிப் பிரிவு உதவியாளர் என்று பதவி கொடுத்தார்கள். அந்தப் பிரிவில் வேறு யாரும் கிடையாது. யாருக்கு உதவ வேண்டும் என்று அவர் கேட்டதற்கு, ஆள் எடுக்கும்போது சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள்.

யார் எதை எழுதினாலும் அதில் விட்டுப்போன ஒற்றெழுத்தைத் தேடிப் பிடித்துப் போட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். அதனால் அலுவலகத்தில் அவருக்கு ஒற்றர் என்று பெயர் விழுந்தது. வேவு பார்க்கிற ஆள் போலிருக்கிறது என்று நினைத்து வாசல் காவலாளி மட்டும் கொஞ்ச நாள் எழுந்து நின்று வணக்கம் வைத்தார். விஷயம் தெரிந்ததும் உட்கார்ந்துவிட்டார்.

நகரத்தின் நடுவில் ஒரு பழைய சந்தைத் தெருவை இடித்துவிட்டுப் பலமாடி வணிக வளாகம் கட்டப்போகிறார்கள். கட்டுவதற்கு முன்னால் அடியில் பழைய ஊர் ஏதும் புதைந்து கிடக்கிறதா என்று துறை தோண்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்பது சட்டம். தெருவை இடிக்க வந்தவர்கள் தெருமுனையில் இருந்த பொதுக் கழிப்பிடத்தில்தான் முதல் கடப்பாரையைப் போட்டார்கள். அது பார்வைக்கு நன்றாக இல்லை என்று காரணம் சொன்னார்கள். அன்றைக்கு அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தோண்டிய மண்ணைச் சல்லடையில் கொட்டித் தண்ணீர்விட்டு அலச ஒரு பெண்கள் கூட்டம் இருந்தது. அவர்களில் ஒருவர் ஒற்றருடைய கூடப்பிறந்த அக்கா. கணவர் காலமான பிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்டவர். உட்கார வைத்துச் சோறு போட்டோம் என்ற பேச்சு நாளைக்கு வந்துவிடக் கூடாது என்று, எந்த வேலை கிடைத்தாலும் செய்யத் தயாராக இருந்தார். சல்லடை வேலைக்கு ஆள் தேவை என்று தெரிந்ததும் ஒற்றர்தான் போய்ச் சொல்லி அவரைச் சேர்த்துவிட்டார். சேர்த்துவிட்ட அன்று வீட்டில் மெதுவாக ஒரு வார்த்தை போட்டார்.

"அக்கா, அங்க வந்து தம்பின்னு கூப்பிடாத. ஆபீஸ்ல ஒரு மாதிரி நினைப்பாங்க."

"எந்த மாதிரி?"

"சிபாரிசுல வந்ததுன்னு."

"சிபாரிசுலதானேடா வந்தேன்."

"அதான், அது தெரிய வேண்டாமேன்னு."

அக்கா சிரித்தார். "சரி சார்" என்றார். ஒற்றரும் சிரித்தார். அவர் மனைவியும் அடுப்படியிலிருந்து சிரித்தார். அப்போது அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

தோண்ட ஆரம்பித்துக் கொஞ்ச நாள் உடைந்த சட்டியும் ஓடுமாக வந்தது. பிறகு ஒருநாள் கருத்த ஈர மண்ணுக்குள்ளிருந்து கல் கட்டிய நீளக் குழி ஒன்று வெளிப்பட்டது. அதன்மேல் படுத்த வாக்கில் ஒரு கனத்த பலகை. ஈரத்திலேயே கிடந்ததால் இற்றுப்போகாமல் இருந்தது. பலகை நெடுக வரிசையாக வட்டத் துளைகள். உட்கார்ந்து உட்கார்ந்து தேய்ந்ததில் ஒவ்வொரு துளையின் விளிம்பும் எண்ணெய் தடவியது போல் வழுவழுவென்று இருந்தது. மண்வெட்டி பிடித்தவர்கள், சல்லடை பிடித்தவர்கள், தேநீர் கொண்டுவந்தவர், எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். பார்த்த அத்தனை பேருக்கும் அது என்னவென்று தெரிந்துவிட்டது. துறைக்கு மட்டும் தெரியவில்லை.

இயக்குநர் அவசரக் கூட்டம் கூட்டினார். அவர் நல்ல மனிதர். யாரையும் குரல் உயர்த்தி ஒரு சொல் சொல்ல மாட்டார். பழைய செங்கல் ஒன்றைக் கொடுத்தால் கைக்குழந்தையை வாங்குவது போல இரண்டு கையாலும் வாங்குவார். உயிரோடு இருக்கிறவர்களைப் பார்க்கும்போது மட்டும் அவர் பார்வை அவர்களைத் தாண்டிக் கொஞ்சம் தள்ளி விழும்.

"எண்ணூறு வருஷம்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. "எண்ணூறு வருஷத்துக்கு முன்னாடி, இந்த ஊர்ல, பொதுமக்களுக்காக, வரிசையா உக்கார வசதி பண்ணி ஒரு கட்டுமானம். இதுக்கு என்ன பேரு வைக்கலாம்?"

"கழிப்பறைன்னு போடலாம் சார். எல்லாருக்கும் புரியும்" என்றார் ஒற்றர்.

அறையில் இருந்தவர்கள் அவர் ஏதோ சாப்பாட்டு மேசையில் துப்பிவிட்டது போலப் பார்த்தார்கள்.

"புரியும்கறதுதான் சிக்கல்" என்றார் இயக்குநர், வாஞ்சையோடு. "ஒரு நாகரிகம் எப்படி வாழ்ந்துச்சுன்னு சொல்றதுதான் நம்ம கடமை. எப்படிக் கழிச்சுதுன்னு சொல்றது இல்ல."

வளாகம் கட்டப்போகிற நிறுவனத்தின் ஆள் ஒருவரும் கூட்டத்தில் இருந்தார். வெள்ளைச் சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. "சார், நாங்க இதை இடிக்கப் போறதில்ல. மேல உணவுக்கூடம் வருது. தரையைக் கண்ணாடியில போட்டுருவோம். ஜனங்க கீழ பாத்துக்கிட்டே சாப்பிடலாம். பேரு மட்டும் பசியைக் கெடுக்காம இருந்தாச் சரி" என்றார்.

சிந்தனைக் கூடம் என்று ஒருவர் சொன்னார். களப் பொறுப்பாளர், அவர் ஒரு அம்மையார், தனிமை மாடம் என்றார். வரிசையாக உட்காருகிற இடத்தில் தனிமை எங்கே வந்தது என்று ஆட்சேபம் எழுந்தது. கடைசியில் இயக்குநரே, "இளைப்பாறும் மண்டபம்" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

ஒற்றருக்குச் சும்மா இருக்க முடியவில்லை. கை அரித்தது. "மண்டபம் இளைப்பாறாது சார். ஆளுங்கதான் இளைப்பாறுவாங்க. இளைப்பாறு மண்டபம்னு வினைத்தொகையாப் போட்டுட்டா நல்லது. மூணு காலத்துக்கும் பொருந்தும். அன்னைக்கு இளைப்பாறின மண்டபம், இன்னைக்கு இளைப்பாறுற மண்டபம், நாளைக்கு இளைப்பாறப்போற மண்டபம்."

இயக்குநர் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "மூணு காலத்துக்கும்" என்று இரண்டு முறை சொன்னார். களப் பொறுப்பாளர் பிஸ்கட் தட்டை ஒற்றர் பக்கம் நகர்த்தி வைத்தார். அது வரைக்கும் அந்தத் தட்டு அவர் பக்கம் வந்ததில்லை. அன்று சாயங்காலம் அவர் வீட்டுக்கு நடந்துபோன நடையே வேறாக இருந்தது.

வீட்டில் அக்கா முகம் கழுவிவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னடா, பேரு வச்சாச்சா அதுக்கு?"

ஒற்றர் சொன்னார். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்ததும் குரல் மாறிவிட்டது.

"டேய், ஒண்ணு கேக்கணும். நாங்க எங்க போறது?"

"எங்கன்னா?"

"எங்கன்னா என்னடா எங்கன்னா. தெருமுனையில இருந்ததை இடிச்சுட்டாங்க. எதிர்த்த ஓட்டல்ல சேறும் சகதியுமா நிக்கறோம்னு வாசல்லயே மறிச்சுடறான். காலையில ஒரு வாய் தண்ணி குடிச்சா அதோட சரி. சாயங்காலம் வர்ற வரைக்கும் நாக்கு காஞ்சு கிடக்கும். ஒருத்திக்கு நீர்க்கடுப்பு வந்து நாலு நாளா வரல. எனக்கே அடிவயிறு கல்லு மாதிரி இருக்கு."

"ஆபீஸ் கொட்டகையில..."

"ஒண்ணு இருக்கு. பூட்டியிருக்கு. அதிகாரிங்களுக்காம். நீ அங்கயா போற?"

"எனக்கும் இல்லக்கா. நான் தற்காலிகம்."

"நீ எங்க போற?"

ஒற்றர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"உங்களுக்குச் செவுரு இருக்கு" என்றார் அக்கா.

மறுநாள் ஒற்றர் விஷயத்தைக் கூட்டத்தில் எடுத்தார். சல்லடைப் பெண்கள் கேட்கிறார்கள் என்றார். என் அக்கா கேட்கிறார் என்று சொல்லவில்லை. இயக்குநர் பொறுமையாகக் கேட்டார்.

"நியாயமான கோரிக்கை. ஆனா யோசிச்சுப் பாருங்க. இது இப்ப பாதுகாக்கப்பட்ட இடம். இங்க ஒரு குழி தோண்டணும்னா நம்ம துறைகிட்டதான் அனுமதி வாங்கணும். நம்ம துறை இந்த இடத்துல யாருக்கும் அனுமதி கொடுக்கிறதில்ல. அப்படியே தோண்டிட்டோம்னு வைங்க, இன்னும் எண்ணூறு வருஷம் கழிச்சு ஒரு ஆய்வாளர் வந்து பார்ப்பார். ஒரே இடத்துல ரெண்டு குழி. எது யாரோடதுன்னு குழம்புவாரா மாட்டாரா? வருங்காலத்தைக் குழப்பற உரிமை நமக்கு இல்ல."

"அந்தக் கொட்டகையில இருக்கறதைத் தொறந்துவிட்டா..."

களப் பொறுப்பாளர் அம்மையார் குறுக்கிட்டார். "நானும் பொம்பளைதான். எனக்குத் தெரியாதா அந்தக் கஷ்டம்? அதனாலதான் சொல்றேன், ஒரு உட்குழு போடுவோம். நானே தலைமை ஏத்துக்கறேன்." சொல்லிவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு கொட்டகையின் பின்பக்கம் போய்வந்தார்.

உட்குழு கூடியது. பெண்களுக்கு உண்மையிலேயே தேவை இருக்கிறதா, இருந்தால் அது இயல்பானதா, பழக்கத்தால் வந்ததா என்று விவாதித்தது. எண்ணூறு வருஷத்துக்கு முந்தைய மக்கள் என்ன தின்றார்கள் என்பதைக் குழியின் கறுப்பு மண்ணைக் கொண்டு கண்டுபிடித்துவிட்ட துறைக்கு, எதிரில் நிற்கிற பெண் தண்ணீர் குடித்தாளா என்று கண்டுபிடிக்க வழி தெரியவில்லை. முடிவில் சல்லடைக் கொட்டகை முன்னால் ஒரு பலகை வைத்தார்கள். பெண் பணியாளர்கள் தங்கள் தேவைகளை முன்கூட்டியே திட்டமிட்டு கொள்ளவும் என்று எழுதியிருந்தது.

ஒற்றர் அதைப் பார்த்ததும் பேனாவை எடுத்து, திட்டமிட்டு என்பதற்கும் கொள்ளவும் என்பதற்கும் நடுவில் ஒரு க் போட்டார். போட்டுவிட்டுத் திரும்பினால் பெண்கள் அத்தனை பேரும் சல்லடையை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் பேனாவை மூடிப் பையில் வைக்கப்போனார். பைக்குள் போகாமல் அது கீழே விழுந்தது. குனிந்து எடுத்துக்கொண்டு நடந்தார்.

இதற்கிடையில் குழியிலிருந்து எடுத்த கறுப்பு மண்ணுக்கு மவுசு ஏறிவிட்டது. அதைக் கண்ணாடிக் குப்பிகளில் அடைத்தார்கள். வெயில் பட்டால் கெட்டுவிடும் என்று அதற்கென்று ஒரு தனி அறை, அறைக்கு ஏசி, வாசலில் காவலாளி. சல்லடைப் பெண்கள் உச்சி வெயிலில் விரலால் துழாவித் துழாவி அதற்குள்ளிருந்து பழக்கொட்டைகளையும் மீன் முள்ளையும் பொறுக்கிக் கொடுத்தார்கள். அதை அவர்கள் அதன் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, கரிமப் படிவு என்றுதான் சொல்ல வேண்டும் என்று உத்தரவு.

"பேண்டவன் கொடுத்து வச்சவன்டா" என்றார் அக்கா ஒருநாள் வீட்டில். "போய்ச் சேந்து எண்ணூறு வருஷமாகியும் அவன் சமாச்சாரம் குளுகுளுன்னு இருக்கு."

அமைச்சர் வந்து மண்டபத்தைத் திறந்துவைப்பதாக முடிவாயிற்று. மண்ணுக்குள் எண்ணூறு வருஷமாகத் திறந்தே கிடந்ததை எப்படித் திறந்துவைப்பது என்று கேட்கக் கூடாது. ஒற்றருக்கு அமைச்சரின் உரையை எழுதுகிற பொறுப்பு வந்தது. மூன்று காலத்துக்கும் பொருந்துகிற மாதிரி எழுதுங்கள் என்றார் இயக்குநர். ஒற்றர் எழுதினார். நன்றாகவே எழுதினார்.

விழாவன்று காலையில் லாரி ஒன்று வந்து நின்றது. அதிலிருந்து ஒரு சின்ன அறையை அலுங்காமல் இறக்கினார்கள். வெள்ளை நிறம். உள்ளே பளிங்கு மாதிரித் தரை, முகம் பார்க்கிற கண்ணாடி, மடித்து வைத்த துண்டு, ரோஜா வாசனை. வாசலில் இரண்டு பூந்தொட்டி. அமைச்சருக்கு ஒருவேளை அவசரம் ஏற்பட்டால் என்று வாடகைக்கு எடுத்த நடமாடும் கழிப்பறை. அதற்கு மட்டும் யாரும் பெயர் மாற்றவில்லை.

அதன் சாவியை ஒற்றர் கையில் கொடுத்தார்கள். உரை எழுதி முடித்துவிட்டதால் அன்று அவருக்கு வேறு வேலை இல்லை. "நம்பிக்கையான ஆள் வேணும். அமைச்சருக்கு முன்னாடி யாரும் உபயோகிச்சுடக் கூடாது. பாத்துக்குங்க" என்றார் இயக்குநர். ஒற்றர் வாசலில் நின்றார். நெஞ்சில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. அதைப் பிற்பாடு நினைக்கும்போதெல்லாம் அவருக்கு உடம்பு கூசியது.

சல்லடைப் பெண்களுக்கு ஒரே நிறத்தில் மேல்சட்டை கொடுத்து, அமைச்சர் வருகிற வழியில் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் பளபளவென்று புதுச் சல்லடை. அமைச்சர் காலையில் வருவதாக இருந்தது. வெயில் ஏறியது. உச்சிக்கு வந்தது. இதோ கிளம்பிவிட்டார் என்று ஒவ்வொரு முறை தகவல் வரும்போதும் அவர்களை நிமிர்ந்து நிற்கச் சொன்னார்கள்.

அக்கா வரிசையை விட்டு வந்தார். நடை சரியாக இல்லை. ஒரு கையால் வயிற்றைப் பிடித்திருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை.

"கொஞ்சம் தொறங்க" என்றார். சுற்றிலும் ஆட்கள் இருந்ததால் மரியாதையாகத்தான் கேட்டார். "ஒரே நிமிஷம். நீர்க்கடுப்புக்கு மருந்து சாப்பிடறதால தாங்கல."

ஒற்றர் கையில் சாவி இருந்தது. கதவு முதுகுக்குப் பின்னால் இருந்தது. திரும்பித் திறக்க வேண்டியதுதான். அந்த நேரம் பார்த்து இயக்குநர் அந்தப் பக்கம் வந்தார்.

"என்ன விஷயம்? இந்தம்மா யாரு? உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

"இல்ல சார்" என்றார் ஒற்றர். "தெரியாது. சல்லடையில வேலை பாக்கறவங்க. வழி கேக்கறாங்க."

இயக்குநர் தலையசைத்துவிட்டு நின்றார். போகவில்லை. ஒற்றர் அக்காவின் முகத்தைப் பார்க்காமல் அவர் தோளுக்கு மேலே பார்த்துக்கொண்டு, "அமைச்சர் போனதும் பாத்துக்கலாம்மா. வரிசைக்குப் போங்க" என்றார்.

அக்கா ஒரு கணம் நின்றார். "சரி சார்" என்றார். வேடிக்கையாகச் சொல்லவில்லை. மெல்ல நடந்து வரிசையில் தன் இடத்தில் போய் நின்றுகொண்டார்.

அமைச்சர் வந்தார். கைத்தட்டல் எழுந்தது. குழிக்குப் பக்கத்தில் போட்டிருந்த மேடையில் ஏறி ஒற்றர் எழுதிக்கொடுத்ததை வாசித்தார். நல்ல குரல் அவருக்கு.

"எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே, உயர்ந்தவர் தாழ்ந்தவர் என்ற பேதம் பாராமல், எளிய மனிதரும் கூச்சமின்றி வந்து இளைப்பாறிச் செல்ல இடம் அமைத்த பண்பாடு இது. மனிதரின் மானத்தைக் காப்பதே ஒரு நகரத்தின் முதல் அழகு என்பதை..."

அந்த இடத்தில்தான் அக்காவின் காலடியில் மண் கருத்தது.

ஒற்றர் நின்ற இடத்திலிருந்து நன்றாகத் தெரிந்தது. முதலில் கொஞ்சம். பிறகு அது காய்ந்த புழுதியில் ஒரு கோடாக இறங்கி முன்னால் வந்தது. அக்கா அசையவில்லை. சல்லடையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி நின்றார். பக்கத்தில் நின்றவள் குனிந்து பார்த்தாள். அடுத்த கணமே, பின்னால் மண் அலச வைத்திருந்த பெரிய தண்ணீர்த் தொட்டியின் விளிம்பைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். இன்னொருத்தியும் கைகொடுத்தாள். தொட்டி கவிழ்ந்தது. தண்ணீர் வரிசை முழுக்கப் பாய்ந்து எல்லோர் காலையும் துணியையும் நனைத்துக்கொண்டு ஓடியது. இப்போது அத்தனை பேரும் ஈரமாக நின்றார்கள். யார் ஈரம் எது என்று எந்தத் துறையாலும் பிரித்துச் சொல்ல முடியாது.

அமைச்சர் வாசிப்பதை நிறுத்தினார். இயக்குநர் ஓடிவந்தார்.

"இதுக்குத்தான் சொல்றது. ஒரு நாள், ஒரே ஒரு நாள் ஒழுங்கா நிக்கத் தெரியுதா இவங்களுக்கு?" என்றார் களப் பொறுப்பாளரிடம். அப்போதும் குரல் உயரவில்லை. அமைச்சரிடம் திரும்பி, "மன்னிக்கணும். படிக்காதவங்க. மானம் மரியாதைன்னா என்னன்னு தெரியாது" என்றார்.

பெண்கள் ஈரத் துணியோடு அப்படியே நின்றார்கள். ஒற்றர் கழிப்பறைக் கதவை விட்டு நகரவில்லை.

உரை முடிந்து அமைச்சர் காருக்குப் போகும்போது, இயக்குநர் நடமாடும் கழிப்பறையைக் கை காட்டிப் பணிவாகக் குனிந்தார். ஒற்றர் கதவைத் திறந்து ஒதுங்கி நின்றார். ரோஜா வாசனை வெளியே வந்தது. அமைச்சர் உள்ளே ஒரு பார்வை பார்த்தார். "இப்ப வேண்டாம்ப்பா" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

கார் போனதும் ஒற்றர் கதவை மூடவில்லை. விரியத் திறந்துவைத்து, அதைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றார். பெண்கள் புதுச் சல்லடைகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அந்த வழியாகத்தான் போனார்கள். ஒவ்வொருத்தரையும் பார்த்து, "போய்ட்டு வாங்க, இப்ப போகலாம்" என்றார். ஒருத்தரும் திரும்பவில்லை. அக்கா நடுவில் வந்தார். மற்றவர்கள் அவரைச் சுற்றி நெருக்கமாக நடந்தார்கள். அவர் இந்தப் பக்கம் முகம் திருப்பவே இல்லை.

லாரிக்காரர் வந்து, "முடிஞ்சுதா? ஏத்திடலாமா?" என்று கேட்டார். உள்ளே தலையை விட்டுப் பார்த்து, "யாருமே போகலயா? கழுவற வேலை மிச்சம்" என்று சந்தோஷப்பட்டார்.

ஒற்றர் வீட்டுக்குப் போனபோது அக்காவின் துணிகள் கொடியில் சொட்டிக்கொண்டிருந்தன.

"என்னங்க, அண்ணி நனைஞ்சுபோய் வந்தாங்க" என்றார் மனைவி. "தொட்டி கவுந்துடுச்சாம். நீங்க அங்கதானே இருந்தீங்க?"

ஒற்றர் வாயைத் திறப்பதற்குள் அக்கா உள்ளேயிருந்து, "அவன் எங்க இருந்தான், அவன் மேடைப் பக்கம் இருந்தான். அவனுக்கு ஒண்ணும் தெரியாது" என்றார். பிறகு தட்டைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார். "சாப்பிடு."

திட்டியிருந்தால் தேவலை. ஒற்றர் தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அக்கா என்று கூப்பிட நினைத்தார். அந்தச் சொல் எந்த முகத்தோடு வெளியே போவது என்று தெரியாமல் உள்ளேயே நின்றுவிட்டது.

அந்த வாரம் பெண்கள் தாங்களே ஒரு காரியம் செய்தார்கள். தோண்டிக் குவித்த மண்மேட்டுக்குப் பின்னால் ஒரு குழி வெட்டி, நான்கு கம்பு நட்டு, சாக்கு கட்டி மறைத்துக்கொண்டார்கள். அக்காதான் முதல் மண்வெட்டி போட்டார் என்று பிற்பாடு தெரிந்தது. சில நாள் நிம்மதியாகப் போயிற்று. அளவெடுக்கிற ஆள் மண்மேட்டுப் பக்கம் போனதில் குட்டு உடைந்தது. வரைபடத்தில் இல்லாத குழி ஒன்று இருப்பதாக அவர் அறிக்கை கொடுத்தார்.

துறை ஆடிப்போய்விட்டது. வேலையை நிறுத்தினார்கள். குழியைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுத்தார்கள். இயக்குநர் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்து, பழக்க தோஷத்தில், "எந்தக் காலம்?" என்று கேட்டுவிட்டார்.

"போன செவ்வாய்க்கிழமைன்னு நினைக்கறேன் சார்" என்றார் அளவெடுக்கிறவர்.

விசாரணை நடந்தது. பாதுகாக்கப்பட்ட இடத்தில் அனுமதியில்லாமல் தோண்டியது குற்றம். பெண்கள் வெளியே நின்றார்கள். அவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிடுவதற்கு முன்னால் ஒற்றர் எழுந்து நின்றார்.

"நான்தான் சார் தோண்டினேன்."

இயக்குநர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "எதை வச்சுத் தோண்டினீங்க?"

"மண்வெட்டியால."

"மொழிப் பிரிவுக்கு மண்வெட்டி ஒதுக்கலயே" என்றார் களப் பொறுப்பாளர்.

"ஒதுக்கல" என்று இயக்குநரும் ஒப்புக்கொண்டார். "தோண்டற அதிகாரம் இல்லாதவர் தோண்டினதாச் சொன்னா, அது தோண்டினதுல சேராது. உக்காருங்க."

ஒற்றர் உட்காரவில்லை. "சார், வெளிய நிக்கறவங்கள்ல ஒருத்தர் என் கூடப்பிறந்த அக்கா. விழா அன்னைக்கு என்கிட்ட வந்து கேட்டாங்க. நான் தொறந்துவிடல. அவங்க நின்ன இடத்துலயே... அந்தத் தொட்டி தானா கவுழல சார். அவங்க மானத்தைக் காப்பாத்த மத்தவங்க கவுத்தாங்க. மானம்னா என்னன்னு தெரியாதது எனக்குத்தான்."

களப் பொறுப்பாளர் மேசையைப் பார்த்தார். இயக்குநர் மூக்குக் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"அன்னைக்கு நான் கேட்டேன். தெரிஞ்சவங்களான்னு. தெரியாதுன்னு சொன்னீங்க."

"பொய் சொன்னேன் சார்."

"இருக்கலாம். ஆனா நம்ம துறையில ஒரு முறை இருக்கு. மேல கிடைக்கறது பிந்தினது, கீழ கிடைக்கறது முந்தினது. முந்தினதுக்குத்தான் மதிப்பு." அவர் குரலில் உண்மையான பரிவு இருந்தது. "நீங்க முதல்ல சொன்னது அன்னைக்குச் சொன்னது. இன்னைக்குச் சொல்றது மேல்மண். அந்தம்மாவை உங்களுக்குத் தெரியாதுங்கறதையே துறை எடுத்துக்கும். உங்களுக்கும் அதுதான் நல்லது."

பெண்கள் அத்தனை பேரையும் அன்றோடு நிறுத்திவிட்டார்கள். குழியை மூட முடியாது, அது ஆதாரம் என்று அதற்கும் ஒரு கூரை போட்டார்கள். அதற்குப் பெயர் கேட்டு ஒற்றருக்குத் தாள் வந்தது. கழிப்பறை என்று எழுதி அனுப்பினார். மறுநாள் அது சமகால இளைப்பாறு அமைவு என்று திருத்தப்பட்டு வந்தது. அவர் எழுதியதில் இன்னொருவர் பிழை திருத்தியது அதுதான் முதல் தடவை.

வேலையை விட்டுவிடுகிறேன் என்று வீட்டில் சொன்னார். அக்கா ஒரு சலவை நிலையத்தில் துணி மடிக்கிற வேலைக்குச் சேர்ந்திருந்தார்.

"அங்க இருக்காக்கா?" என்று கேட்டார் ஒற்றர்.

"இருக்கு."

"நான் எழுதிக் கொடுத்துட்டு வந்துடறேன்."

"வந்து? ரெண்டு பேரும் மாறி மாறி மூஞ்சியைப் பாத்துக்கிட்டு உக்காந்தா அடுப்பு எரியுமா? போடா வேலைக்கு" என்றார் அக்கா. கோபமாகச் சொல்லவில்லை. அன்பாகவும் சொல்லவில்லை.

அவர் போனார். போனால், அலுவலகத்தில் இனிப்பு கொடுத்தார்கள். பிறர் குற்றத்தைத் தன் தலையில் போட்டுக்கொள்ள முன்வந்தது துறையின் மீதுள்ள விசுவாசத்தைக் காட்டுகிறதாம். பணி நிரந்தரம் ஆகிவிட்டது. களப் பொறுப்பாளர் அம்மையார் கைகுலுக்கி, கொட்டகைக் கழிப்பறைச் சாவியின் நகல் ஒன்றை அவர் மேசையில் வைத்தார். "இனிமே நீங்களும் உபயோகிச்சுக்கலாம்" என்றார்.

ஒற்றர் அன்று முழுக்க அந்தச் சாவியைத் தொடவில்லை. மதியத்துக்கு மேல் அடிவயிறு முட்டியது. லாரிகளுக்குப் பின்னால் வழக்கமாகப் போகிற சுவர் வரைக்கும் போனார். போய் நின்றவர் அப்படியே திரும்பி வந்துவிட்டார். உட்கார்ந்தால் நோவு, எழுந்தால் நோவு. எழுத்துகள் கண்ணில் மிதந்தன. எந்த ஒற்று எங்கே விட்டுப்போயிற்று என்று தெரியவில்லை. அலுவலகம் முடிந்ததும் பேருந்துக்கு நிற்கப் பயந்து, உதட்டைக் கடித்துக்கொண்டு வீடு வரைக்கும் நடந்தே போனார். தெரிந்தவர்கள் வணக்கம் சொன்னார்கள். பதில் சொன்னால் பிடி தளர்ந்துவிடும் என்று தலையை மட்டும் ஆட்டினார்.

வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் பின்பக்கம் ஓடினார். கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. தண்ணீர் மொண்டு ஊற்றுகிற சத்தம் கேட்டது.

"அண்ணி இப்பதான் உள்ள போனாங்க" என்றார் மனைவி. புருஷன் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிற கோலத்தைப் பார்த்துவிட்டு, "என்னங்க, ஒரு மாதிரி இருக்கீங்க? கூப்பிடட்டுமா?" என்றார்.

வேண்டாம் என்று ஒற்றர் கையைக் காட்டினார்.

உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்றது. "யாரு வெளிய?" என்று அக்காவின் குரல் கேட்டது. "தம்பியா? அவசரமாடா?"

ஒற்றரின் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. ஒரு காலை மற்றொன்றோடு பின்னிக்கொண்டு, கதவில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டார்.

"இல்லக்கா" என்றார். "அவசரம் இல்ல. நீ மெதுவா வா."